மடியில் கிடந்த வலக்கை

சுபாங் விமான நிலையத்தில் இறங்கி வரிசையில் நின்றபோது முதலில் கண்ணில் பட்டது ஒரு சிவப்புப் பலகை. போதைப் பொருள் கடத்தினால் மரண தண்டனை என்று பல மொழிகளில் எழுதியிருந்தார்கள். தமிழும் அதில் ஒன்று. அயலூரில் தமிழைப் பார்த்தால் மனம் குளிரும் என்பார்கள், எனக்கோ படிக்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. காரணம், என் தோள்பையில் அரைக் கிலோ ரவை இருந்தது.

மிருதங்கத்தின் இடப்பக்கத்தில் ஈர ரவையைப் பிசைந்து அப்பினால்தான் அந்தக் கனத்த நாதம் வரும். என் வீட்டுக்காரர் மிருதங்க வித்வான். மலேசியாவில் ரவை கிடைக்காதா என்று அவர் கேட்கத்தான் செய்தார். உறையூர்க் கடை ரவைதான் சரியாக ஒட்டும் என்று நான்தான் பிடிவாதமாக எடுத்து வைத்தேன். இப்போது ஒரு மலாய்க்கார அதிகாரி அம்மாள் அந்தப் பொட்டலத்தைப் பிரித்து, விரலால் தொட்டு முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ரவையைத் தொடர்ந்து பைக்குள்ளிருந்து ஒரு மாத்திரைப் புட்டியும் உருண்டு வந்தது. உண்மையைச் சொன்னால், ரவைக்குக்கூட நான் அவ்வளவு பயப்படவில்லை. அந்தப் புட்டிக்குத்தான் பயந்தேன்.

என் வீட்டுக்காரருக்கு ஆறு மாதமாக வலது கை சொல்லாமல் கொள்ளாமல் மரத்துப் போகிறது. மணிக்கட்டுக்குக் கீழே கிள்ளினாலும் தெரியாது. ஒரு கீர்த்தனை பாடி முடிக்கிற நேரம் கழிந்ததும் உணர்வு தானாகத் திரும்பி வரும். கழுத்து நரம்பில் கோளாறு என்றார் திருச்சி டாக்டர். வாசிப்பதை நிறுத்தி வைத்தியம் பார்க்காவிட்டால், போன உணர்வு ஒரு நாள் திரும்பாமலே போய்விடலாம் என்றும் சொன்னார். "ஒன்றும் ஆகாது, நீ சும்மா பயப்படுகிறாய்" என்பதுதான் இவர் எனக்குச் சொன்ன வைத்தியம். விஷயம் எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. ஒரு வார்த்தை வெளியே கசிந்தால் மார்கழிக் கச்சேரிகள் எல்லாம் வேறு ஆளுக்குப் போய்விடும். கை போன மிருதங்கக்காரருக்குப் பரிதாபப்பட ஊரே வரும், கச்சேரிக்குக் கூப்பிட ஒருத்தரும் வரமாட்டார்கள்.

ஒரு தமிழ் அதிகாரியைக் கூப்பிட்டு வந்தார்கள். மாத்திரை யாருக்கு என்று கேட்டார். கண்ணாடிச் சுவருக்கு அப்பால், எங்களை அழைத்திருந்த நாகரத்தினம் கையசைத்துக்கொண்டு நின்றார். அவர் காதில் விழ வழியே இல்லை, ஆனாலும் குரலைத் தாழ்த்தி, எனக்குத்தான், மூட்டுவலி என்று புளுகினேன். ரவையின் காரணத்தை விளக்க இவர் உறையை அவிழ்த்து மிருதங்கத்தை நாலு தட்டுத் தட்டிக் காட்டினார். அன்று கை ஒழுங்காக இருந்தது.

"போங்க ஆன்டி. அடுத்த தடவை வெள்ளையா மாவு எதுவும் கொண்டு வராதீங்கலா" என்று இந்த ஊர்ப் பேச்சின் 'லா'வோடு சிரித்தபடி பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்தார் அதிகாரி. அதைப் பையின் அடியில் திணித்துக்கொண்டு, கார் ஏறும்வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இது நடந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஒரு வெள்ளிக்கிழமை காலையில். மறுநாளும் அதற்கு மறுநாளுமாக, பெட்டாலிங் ஜெயாவில் ஏரி உள்ள ஒரு பூங்காவில் வாரக் கடைசி ஜாஸ் விழா. நாகரத்தினம் மூன்று தலைமுறையாகக் கோலாலம்பூரில் இருக்கும் யாழ்ப்பாணத்துக் குடும்பம். அரசாங்கத்தில் பொறியாளர் வேலை, மனசெல்லாம் சாக்ஸபோன் மேல். போன மார்கழியில் திருச்சிக்கு வந்தபோது இவர் வாசிப்பைக் கேட்டுச் சொக்கிப்போய், தம் குழுவோடு இரண்டு நாள் வாசிக்க வேண்டும் என்று டிக்கெட்டே அனுப்பிவிட்டார். ஜாஸ் என்பது நமக்கு ஒன்றும் அந்நியமில்லை என்று வழியெல்லாம் எங்களுக்குப் பாடம் நடத்தினார். எல்லோருமாக ஒரு மெட்டை வாசிப்பார்கள், பிறகு ஒவ்வொருவராகத் தம் கற்பனைக்குப் போவார்கள், கடைசியில் மறுபடி மெட்டில் வந்து சேர்வார்கள். கேட்டால் நம் தனி ஆவர்த்தனம் மாதிரிதான் இருந்தது. ஆனால் நம் ஊரில் மிருதங்கம் தளர்ந்தால் தாங்கிப் பிடிக்கப் பக்கத்தில் கடமோ கஞ்சிராவோ இருக்கும். இங்கே அப்படி யாரும் இல்லை.

விமான நிலையத்திலிருந்து பிரிக்பீல்ட்ஸ் சுமார் இருபது கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் வண்டிகள் பறக்கின்றன, யாரும் ஹாரன் அடிப்பதில்லை. அந்த அமைதியே எனக்குத் திகிலாக இருந்தது. ரயில்வே குடியிருப்பின் வரிசை வீடுகளைத் தாண்டி, ஒரு சந்துக்குள் நாகரத்தினத்தின் மாடி வீடு. கீழே கடைத்தெருவில் பூக்கடை, மாவுமில், துணிக்கடை என்று நம் ஊர்க் கடைவீதியைப் பெயர்த்து வைத்தது போல இருக்கிறது. இங்கே தமிழர்கள் ரிங்கிட்டை வெள்ளி என்றும், அதில் நூறில் ஒரு பங்கைக் காசு என்றும் சொல்கிறார்கள். வாழை இலைச் சாப்பாடு மூன்று வெள்ளி, தேத்தண்ணீர் அறுபது காசு. கடையில் ரவையும் பார்த்தேன். கிலோ ஒன்றரை வெள்ளி, நம் ரவையைவிட நைசாக இருந்தது. இதற்கா தூக்குமேடைக்குப் போகவிருந்தேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மாலையில் ஒத்திகை. பிரிக்பீல்ட்ஸில் சத்தம் போட்டால் அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருகிறார்களாம். அதனால் குழுவில் டபுள் பேஸ் வாசிக்கும் செல்வராஜ் வீட்டுக்கு, கிள்ளானுக்குப் போனோம். முப்பது கிலோமீட்டர் சொச்சம். வழியில் சுங்கை வே பக்கம் ஷிப்ட் முடிந்த பெண்கள் தொழிற்சாலை பஸ்களில் ஏறிக்கொண்டிருந்தார்கள். செல்வராஜ் இன்சூரன்ஸ் விற்கும் முப்பது வயதுக்காரர், வாயாடி, நல்லவர். அவருடைய வாத்தியம் ஆள் உயரத்துக்கு நிற்கும் ஒரு பெரிய வயலின். அதை வில் இல்லாமல் விரலால் மீட்டுகிறார். டிரம்ஸுக்கு ஒரு மலாய்க்காரரும் பியானோவுக்கு ஒரு சீனப் பெண்ணும் வந்திருந்தார்கள்.

என் வேலையைச் சொல்ல வேண்டும். கல்யாணமான நாள் முதல், இவர் கச்சேரியில் முன் வரிசையில் உட்கார்ந்து தாளம் போடுவது நான்தான். வேறு யார் போட்டாலும் இவர் கண் என் கையில்தான் இருக்கும். கை மரத்துப்போக ஆரம்பித்த பிறகு அது ரகசிய ஏற்பாடாகவும் ஆகிவிட்டது. இவர் துண்டை எடுத்து வலக்கையைத் துடைத்தால், கை போய்விட்டது என்று அர்த்தம். நான் உடனே பாடகருக்கு ஜாடை காட்டி முடிக்கச் சொல்வேன். அவர்களும், வித்வானுக்குக் களைப்பு போல என்று விட்டுவிடுவார்கள்.

நாகரத்தினம் ஹம்சத்வனியில் ஒரு மெட்டு அமைத்திருந்தார். எட்டு அடிக் கணக்கு, நம் ஆதி தாளம்தான். செல்வராஜ் ஆரம்பத்துக்கு விரலைச் சொடுக்கினார். சொடுக்கு விழும் இடம்தான் சமம், அதாவது தாளத்தின் முதல் அடி என்று நான் தொடையில் முதல் தட்டைப் போட்டேன். இவர் என் கையைப் பார்த்து எடுத்தார். வாசிக்க வாசிக்க டிரம்ஸ்காரர் முகத்தைச் சுளித்தார். எனக்கும் ஏதோ உதைத்தது, ஆனால் தட்டு தவறவில்லையே என்று விடாமல் போட்டேன். கடைசியில் எல்லோரும் சேர்ந்து டக்கென்று நின்றார்கள். அதற்கும் ஓரடி தள்ளி, இவருடைய கடைசி அடி மட்டும் அந்த வீட்டு முன்கூடத்தில் தனியாக விழுந்தது.

என் கண் நேராக இவர் வலக்கைக்குப் போயிற்று. கை போய்விட்டதோ என்று துண்டைத் தேடினேன்.

"அக்கா, கை தப்பு இல்ல. இங்க சொடுக்கு ரெண்டுலயும் நாலுலயும்தான் விழும். ஒன்னு சும்மா போயிடும்" என்றார் செல்வராஜ். முதல் அடியைத் தட்டாமல் விட்டுவிட்டு இரண்டாவதைத் தட்டுவதுதான் இவர்கள் வழக்கமாம். சமத்தில் தட்டாத தாளத்தை நான் எங்கே கண்டேன்? எட்டாம் வயதிலிருந்து தொடையில் தட்டித் தட்டி வந்த கை இது. அன்று முதல் விழா முடியும்வரை என் கையைப் புடவைத் தலைப்புக்குள் சுருட்டி வைத்துக்கொள்ள முடிவு செய்தேன். இவர் இனி காதை நம்பித்தான் வாசிக்க வேண்டும். துண்டால் ஜாடை காட்டினாலும், நான் முடிக்கச் சொல்ல இங்கே பாடகர் யாரும் இல்லை. இரவு அதை நினைத்து நினைத்துத் தூக்கம் வரவில்லை. இவர் என்னவோ நன்றாகக் குறட்டை விட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் வானம் கறுத்துவிட்டது. இந்த ஊர் மழைக்கு முன்னறிவிப்பு கிடையாது, இடிதான் அறிவிப்பு. ஏரிக்கரையில் திறந்தவெளி மேடை, மேலே தகரக் கூரை, கீழே தரையெல்லாம் மின்சாரக் கம்பிகள். ஈரத்தில் அவற்றைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் வந்தது.

மழை விட்டதும் ஜனம் பாயும் குடையுமாக வந்து புல்தரையில் உட்கார்ந்துவிட்டது. பினாங்கிலிருந்து வந்த மூன்று கிழவர்கள் கித்தாரில் பழைய மெட்டுகளை வாசித்தார்கள். அவர்களுக்குள் ஒரே சிரிப்பு. பிலிப்பைன்ஸ் பாடகி ஒருத்தி செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் பாடினாள். ஜப்பானிலிருந்து கல்லூரி மாணவர்கள் குழல்களோடு வந்திருந்தார்கள். ஒருவர் எழுந்து நின்று ஊத, மற்றவர்கள் மரியாதையாகக் குனிந்து கேட்டார்கள். வேறு நாளாக இருந்தால் வாயைப் பிளந்து ரசித்திருப்பேன். அன்று ஒவ்வொரு கைத்தட்டலும், அடுத்தது நாங்கள், அடுத்தது நாங்கள் என்றுதான் கேட்டது.

மேடைக்குப் பின்னால் இவர் மிருதங்கத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஈரக் காற்றுக்குத் தோல் தளர்ந்து சுருதி இறங்கியிருந்தது. வலக்கையில் கல்லை எடுத்து ஓரத்து வாரைத் தட்டித் தட்டி ஏற்றினார். ஏற்றிய சுருதி சற்று நேரத்தில் இறங்கியது, மறுபடி தட்டினார். தட்டுகிற ஒவ்வொரு தட்டும் அந்த மணிக்கட்டில்தானே இறங்குகிறது? கல்லை என்னிடம் கொடுங்கள், நான் தட்டுகிறேன் என்றேன். சுற்றி ஆட்கள் இருக்கிறார்கள், சும்மா இரு என்று கண்ணாலேயே அதட்டினார்.

அறிவிப்பாளர் இவரை இந்தியாவின் தபேலா மேதை என்று அறிமுகம் செய்தார். அதற்குக் கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. நான் மேடையின் பக்கவாட்டில், ஒலிபெருக்கிப் பெட்டிக்கு அருகே நின்றேன். விளக்கு முகத்தில் அடித்ததில் இவருக்கு நான் நிற்பதே தெரிந்திருக்காது. மெட்டு நன்றாக எடுத்தது. சாக்ஸபோன் போய் வந்தது, பியானோ போய் வந்தது. சமத்தை இவர் காதாலேயே பிடித்துக்கொண்டார். ஒரு சுற்றுக்கூட உதைக்கவில்லை. பிறகு எல்லோரும் நிறுத்தி இவரைப் பார்த்தார்கள். இவர் முறை.

மூன்று நான்கு ஆவர்த்தனம் பிரமாதமாகப் போயிற்று. முன்னால் உட்கார்ந்திருந்த தமிழர் சிலர் முதல் அடியில் தட்ட, கூட்டத்திலிருந்த வெள்ளைக்காரர்கள் இரண்டாவதில் தட்ட, இரண்டுக்கும் நடுவே இவர் கணக்கு வழுக்கிக்கொண்டு ஓடியது. எனக்குக்கூடச் சற்றுத் தைரியம் வந்தது. அப்போது இவர் இடக்கையை நிறுத்தாமல், வலக்கையால் துண்டை எடுக்கப் போனார். எடுக்க முடியவில்லை. துண்டு நழுவிக் கீழே விழுந்தது.

கை மடியில் கிடந்தது. உள்ளங்கை மேலே பார்க்க, விரல்கள் லேசாக மடிந்து, யாருடைய கையோ போலக் கிடந்தது. இத்தனை வருஷத்தில் நான் பட்ட பயங்களையெல்லாம் சேர்த்தாலும் அந்த ஒரு நொடிக்கு ஈடாகாது. ஓடிப் போய் மைக்கைப் பிடுங்கி, நிறுத்துங்கள் என்று சொல்லிவிடலாமா என்றிருந்தது. யாரிடம் சொல்வது, எந்த மொழியில் சொல்வது?

இவர் இடக்கையை மட்டும் வைத்து வாசித்தார். ரவை அப்பிய அந்தப் பக்கத்தில், மணிக்கட்டால் அழுத்தித் தேய்த்து, கும்கி என்று சொல்லும் அந்த முனகல் நாதத்தை மட்டும் நீளமாக விட்டார். ஒரு நாதம், பிறகு வெறும் இடைவெளி, மறுபடி ஒரு நாதம். இடைவெளிகள் பயங்கரமாக இருந்தன. செல்வராஜ் மெல்லத் தம் வாத்தியத்தில் ஒற்றைத் தந்தியை மீட்டி, ஒவ்வொரு கும்கிக்கும் பதில் சொன்னார். டிரம்ஸ்காரர் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டார். அப்படியே இரண்டு பேரும் பேசிப் பேசி ஒரு சமத்தில் வந்து சேர, பூங்கா முழுவதும் எழுந்து நின்றுவிட்டது.

இதுவரை நான் கேட்டிராத கைத்தட்டல் அது. நான் மட்டும் தட்டவில்லை. கீழே கிடந்த துண்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மெட்டு முடிந்து இறங்கியதும் நாகரத்தினத்துக்குக் கண்ணெல்லாம் ஈரம். இப்படி ஒரு உத்தியை அவர் எந்த நாட்டிலும் பார்த்ததில்லையாம். வலக்கையை வேண்டுமென்றே துறந்துவிட்டு வாசிப்பதற்கு எவ்வளவு அடக்கம் வேண்டும் என்று ஆங்கிலத்தில் எல்லோருக்கும் விளக்கினார்.

"நாளைக்கும் அதையே செய்யுங்கோ" என்று இவருடைய வலக்கையைப் பிடித்துக் குலுக்கினார். இவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அவர் பிடித்திருந்தது இவருக்குத் தெரிந்திருக்காது. அந்தக் கையில் இன்னும் உணர்வு வரவில்லை.

வழக்கமாகத் திரும்பும் நேரத்துக்குத் திரும்பவில்லை. பிரிக்பீல்ட்ஸ் போய்ச் சேர்ந்து, நான் வெந்நீர் ஒத்தடம் கொடுத்த பிறகுதான் விரல் நுனி குறுகுறுத்தது. நாளைக்கு முடியாது என்று சொல்லிவிடலாம் என்று கெஞ்சினேன். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். சண்டை போடவாவது செய்யுங்கள் என்று அதட்டினேன். பாயை விரித்துப் படுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கை தெளிவாக இருந்தது. இட்லியைப் பிட்டுச் சாப்பிட்டார், சட்டைப் பொத்தான்களைத் தாமே போட்டுக்கொண்டார். நான் ஒவ்வொன்றையும் ஓரக்கண்ணால் பார்த்தேன். மாலையில் முந்தின நாளைவிடக் கூட்டம் அதிகம். செய்தி பரவி, கிள்ளானிலிருந்தும் செலாயாங்கிலிருந்தும் தமிழர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். செல்வராஜ் முன்வரிசையில் எனக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தார். நான் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

மறுபடி அதே மெட்டு. இவர் முறை வந்தது. இரண்டு கையாலும் ஒரு ஆவர்த்தனம் வாசித்தார். இரண்டாவது தொடங்கியதும் வலக்கை மெதுவாக நழுவி மடியில் இறங்கியது. உள்ளங்கை மேலே பார்க்கக் கிடந்தது. இதற்காகவே காத்திருந்த கூட்டம் ஆரவாரம் செய்தது. துண்டைத் தொடவே இல்லை. தானாக விழுந்ததா, இவராக வைத்தாரா? முந்தின நாள் உண்மை எனக்கு ஒருத்திக்காவது தெரிந்திருந்தது. அன்று எனக்கும் தெரியவில்லை. பக்கத்து நாற்காலி அம்மாள் என் தோளைத் தட்டி, "உங்க வீட்டுக்காரருக்கு நல்ல கை அக்கா" என்றார். அழுகை வந்தது. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று அவர் கைக்குட்டை கொடுத்தார்.

திங்கட்கிழமை விமானம். அதே சிவப்புப் பலகையைத் தாண்டிப் போனோம். பையில் ரவை இல்லை. அதிகாரி யாரும் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த வருஷமும் வர வேண்டும், அந்த ஒற்றைக் கை வாசிப்பை இன்னும் நீளமாக வைக்க வேண்டும் என்று சொல்லி நாகரத்தினம் அனுப்பினார். நல்ல மனிதர். அவரிடம் உண்மையைச் சொல்லாமல் வந்தது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

விமானத்தில் ஊரை நினைத்துக்கொண்டேன். கோலாலம்பூரில் ஒரு கை ஓய்ந்ததை ஒரு பூங்காவே எழுந்து நின்று கொண்டாடியது. அவர்கள் மேல் குற்றமில்லை. அவர்கள் நாதத்தைக் கேட்டார்கள், நாதம் நன்றாகத்தான் இருந்தது. திருச்சி சபாவில் முன்வரிசையில் குடையோடு வந்து உட்காரும் பெரியவர்கள் இருக்கிறார்கள். வலக்கை மடியில் இறங்கினால் அத்தனை பேர் தாளமும் நின்றுவிடும். எல்லோரும் கையைப் பார்ப்பார்கள், அடுத்து என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். மலேசியப் போலீஸைவிட அந்தக் குடைக்காரர்களுக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன்.

கேட்காமல் இருக்க முடியவில்லை. "நேத்து விழுந்துச்சா, நீங்களா வச்சீங்களா?" என்றேன்.

சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நானாத்தான் வச்சேன். எப்ப விழுமோன்னு பயந்துக்கிட்டே வாசிக்க முடியல. முன்னாடியே எடுத்து வச்சுட்டா நிம்மதியா இருந்துச்சு." பிறகு, "ஊருக்குப் போனதும் டாக்டர் சொன்ன வைத்தியத்தைப் பார்த்துடலாம்" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்துக்காக ஆறு மாதம் கெஞ்சியிருக்கிறேன். கோயில் கோயிலாக வேண்டியிருக்கிறேன். வந்ததும் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. இத்தனை நாளும் பயம் என் ஒருத்தியிடம்தான் இருந்தது. சும்மா பயப்படுகிறாய் என்று இவர் அதட்டும்போதெல்லாம், ஒருவேளை சும்மாதானோ என்று எனக்கும் ஒரு மூலையில் தோன்றும். அந்த அதட்டலைப் பிடித்துக்கொண்டுதான் நான் தூங்கியிருக்கிறேன். இனி அதட்ட ஆள் இல்லை. இவரும் பயந்துவிட்டார்.

இவர் வலக்கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். சென்னையில் இறங்கும்வரை விடவில்லை.